சேலத்திலிருந்து கடல் தூண்டிலுக்குக் கிளம்பும் முன்: கேள்வி பதில்

சேலத்துக்குப் பக்கத்துக் கடல் என்றால் கடலூர்தான். ஆத்தூர், விருத்தாசலம் வழியாகப் போனாலும் சுமார் 200 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் வேன் பிடித்துப் போய்ப் படகு கிடைக்காமல் திரும்புவதைத் தவிர்க்கத்தான் இந்தப் பதில்கள்.

அம்மாபேட்டை: அண்ணா, பிள்ளைகளுக்கு மே மாதம் லீவு. கடலூரில் படகில் போய் மீன் பிடிக்கலாமா?

விசைப்படகில் முடியாது தம்பி. கிழக்குக் கடற்கரை முழுக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் நீட்டினார்கள். மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதுதான் காரணம். தமிழ்நாட்டில் இது விசைப்படகுக்கும் இழுவலைப் படகுக்குமான தடை. நாட்டுப்படகுகள் பக்கத்துக் கடலில் தொழிலுக்குப் போய்வரும். அதைப் பார்த்துவிட்டு "எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று கேட்காதீர்கள். அந்தப் படகு மீன் பிடிக்கப் பதிவானது, ஆள் ஏற்ற அல்ல. ஏதாவது ஆனால் மாட்டுவது படகுக்காரர்.

ஓமலூர்: அப்போ கன்னியாகுமரி போனால்? அங்கே தேதி வேறு என்கிறார்களே.

சரியாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். அந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு கடற்கரை, இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் கிழக்குக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. குளச்சல், முட்டம் பக்கம் மேற்குக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31. மே மாதம் சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், குளச்சலில் கடலுக்குப் போகும். ஜூன் பாதிக்கு மேல் அப்படியே தலைகீழ். ஜூன் முதல் 14 நாள் இரண்டு பக்கமும் அடைப்பு. "கன்னியாகுமரியில் தடை உண்டா" என்று பொதுவாகக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருவது இதனால்தான். எந்தத் துறைமுகம் என்று பெயர் சொல்லி, அங்குள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். கூடவே ஊர் மீனவப் பஞ்சாயத்தையும் கேளுங்கள். கல்யாணம், திருவிழா, சாவு என்று ஊரே கடலுக்குப் போகாத நாட்களும் உண்டு. அது எந்த அரசாணையிலும் இருக்காது.

ஏற்காடு: கரையில் நின்று ராடு போட்டால் தடை இல்லைதானே சார்?

தடைக்காலம் உங்களைத் தொடாது. ஆனால் இடம் தொடும். கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்களை ஒட்டிய கரை பாதுகாப்புப் பகுதி, அந்தப் பக்கமே போகாதீர்கள். பழவேற்காட்டில் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவும் நாளில் மீனவர்களையே கடலுக்குப் போக வேண்டாம் என்பார்கள்.

ஆத்தூர்: ராமேஸ்வரம் போகிறோம். தீவில் இறங்கித் தூண்டில் போட ஆசை.

வேண்டாம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைக் கடலும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, 1986இல் அறிவித்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது, தூண்டிலுக்கு அனுமதி என்ற பேச்சே இல்லை. வடக்கே பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் 2022 முதல் கடற்பசுப் பாதுகாப்பகம். தனுஷ்கோடிக்கு அப்பால் இலங்கை எல்லை வேறு. கடலில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை, படகில் ஜி.பி.எஸ். இல்லாவிட்டால் ஏறாதீர்கள்.

மீண்டும் ஆத்தூர்: சரி, பிடித்ததை எல்லாம் கொண்டு வரலாமா?

பாறை, ஷீலா, கொடுவா மீன்கள் தாராளமாக. கடல் அட்டை, கடல் குதிரை, வேளா மீன், திமிங்கலச் சுறா, ஆமை, பவளம் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. "கரையில் செத்துக் கிடந்தது, அலமாரியில் வைக்க எடுத்தேன்" என்பது அங்கே எடுபடாது. தெரியாத மீன் மாட்டினால் தூண்டில் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விடுங்கள். போட்டோவுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

அஸ்தம்பட்டி: தேதி, இடம் எல்லாம் சரியாக இருந்தும் போகக் கூடாத நாள் உண்டா?

உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைக் கிளம்பும் நாள் காலையிலும் பாருங்கள். துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு என்றால் தூரத்தில் காற்றழுத்தம் உருவாகிறது என்று பொருள். "ஒன்றுதானே" என்று போகிறவர்கள் இருக்கிறார்கள், நான் போக மாட்டேன். கடலில் சிக்கினால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

மேட்டூர்: இவ்வளவு தலைவலி எதற்கு? நம்ம அணையிலேயே போடலாமே!

போடலாம், ஆனால் அங்கேயும் கேட்டுவிட்டுத்தான். கடல் தடைக்காலம் அணைக்குப் பொருந்தாது. நீர்த்தேக்கத்து மீன்பிடிப்பு மீன்வளத் துறை உரிமத்தில் நடக்கிறது. பரிசலில் வலையோடு போகிறவர்கள் அந்த உரிமத்தில் பிழைப்பவர்கள். அவர்கள் வலை கட்டியிருக்கும் இடத்தில் தூண்டிலை வீசிச் சிக்க வைக்காதீர்கள், அப்புறம் சண்டைதான்.