கையெழுத்து இல்லை என்பதாலேயே ஒப்பந்தம் இல்லை என்று ஆகாது

வேலையை முடித்துக் கொடுத்த பிறகு, "கையெழுத்துப் போட்ட தாள் எதுவும் இல்லையே, அதனால் பணம் தர வேண்டியதில்லை" என்று வாடிக்கையாளர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்கவே ஆற்றாமையாக இருக்கிறது. ஆனால் அதை வைத்து மனம் தளர்ந்துவிடாதீர்கள். பெரும்பாலான கொடுக்கல் வாங்கலுக்குக் கையெழுத்து கட்டாயமில்லை. நிலம் விற்பது போன்ற சிலவற்றுக்குத்தான் எழுத்து வேண்டும்.

நீதிமன்றம் பார்ப்பது வேறு. ஒருவர் தெளிவாக ஒன்றைச் சொன்னாரா, மற்றவர் அதை அப்படியே ஏற்றாரா, இருவரும் ஏதாவது கொடுத்து வாங்கினார்களா என்பதைத்தான். உங்கள் கதையில் வேலை ஒரு பக்கம், கூலி மறுபக்கம். கொடுத்து வாங்கியதற்கு அது போதும்.

கனடாவின் சஸ்காட்சுவானில் ஒரு வழக்கு. ஆளி விதை வாங்குவதற்கான ஒப்பந்தத்தை வாங்குபவர்கள் படம் எடுத்து ஒரு விவசாயியின் கைபேசிக்கு அனுப்பி, உறுதி செய்யச் சொன்னார்கள். விவசாயி பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் எமோஜி (👍) ஒன்றை மட்டும் அனுப்பினார். சரக்கு போகவில்லை. அந்தக் கட்டைவிரலே சம்மதம் என்று 2023இல் தீர்ப்பு வந்தது. சுமார் 82,000 கனடிய டாலர் இழப்பீடு. அதற்கு முன்பும் அவர் இப்படிச் சுருக்கமாகப் பதில் சொல்லிச் சரக்கு அனுப்பியிருந்தார் என்பதும் கணக்கில் வந்தது.

அதனால் உங்கள் செய்திகளைத் திரும்பப் படியுங்கள். தொகையை அவர் "சரி, ஆரம்பிங்க" என்று ஏற்றாரா, இல்லை குறைத்துக் கேட்டாரா? குறைத்துக் கேட்டால் அது ஏற்பு ஆகாது, புது முன்மொழிவு. அதற்கு நீங்கள் என்ன பதில் போட்டீர்கள் என்பதுதான் முக்கியம். எதையும் அழிக்காதீர்கள். அப்புறம், முழு உரையாடலோடு உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.