டர்ட் ஜம்பிங் பழக எந்த பிஎம்எக்ஸ் சைக்கிள் வாங்கலாம்?

உயரம் 5 அடி 8 அங்குலம், மண் மேடுகளில் குதித்துப் பழக ஆசை, ஆனால் கடைகளில் ஸ்ட்ரீட் மாடல்களே (தெருவில், படிகளில் வித்தை காட்டுவதற்கானவை) அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கலிஃபோர்னியாவில் வேலை பார்த்த மூன்று வருடமும் என் சனிக்கிழமைகள் கோஸ்டா மெசாவில் உள்ள ஷீப் ஹில்ஸில்தான் கழிந்தன. 90களின் தொடக்கத்திலிருந்து, ஓட்டுகிறவர்களே மண்வெட்டி பிடித்துக் கட்டிய மேடுகள் அவை. அங்கே கற்றதை வைத்துச் சொல்கிறேன்: தரையில் இறங்கும் நொடியை மனதில் வைத்து சைக்கிளைத் தேர்ந்தெடுங்கள். மொத்த அடியும் அப்போதுதான் விழும்.

என் முதல் பிஎம்எக்ஸ் விலை குறைந்த ஒன்று. பின்சக்கர அச்சு 10 மில்லிமீட்டர்தான். இரண்டாவது மாதம், எதிர் மேட்டை எட்டாமல் அதன் தலையிலேயே இடித்து இறங்கினேன். அச்சு வளைந்து, சக்கரம் ஃப்ரேமில் உரசி நின்றுவிட்டது. நான் முன்னால் போய் விழுந்து, மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டோடு இருந்தேன். அதனால் முதலில் பின் அச்சைப் பாருங்கள், 14 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

அப்புறம் இரும்பு. ஃப்ரேம், ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை), ஹேண்டில்பார், க்ராங்க் (பெடல் மாட்டும் கை) எல்லாமே 4130 க்ரோமோலி, அதாவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உறுதியான எஃகு, என்றால் மிக நல்லது. பணம் போதவில்லையா? ஃபோர்க்கிலும் க்ராங்கிலும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "க்ரோமோலி" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், விசாரித்தால் கீழ்க் குழாய் ஒன்று மட்டும்தான் க்ரோமோலியாக இருக்கும். எந்தெந்தக் குழாய் என்று கேட்டே வாங்குங்கள்.

அளவுக்கு வருவோம். சக்கரம் 20 அங்குலம் என்பதால் சின்னப் பிள்ளைகள் சைக்கிளோ என்று தயங்க வேண்டாம், பெரியவர்களுக்கும் அதேதான். ஆளுக்கு ஆள் மாறுவது டாப் டியூப், அதாவது சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் மேல் குழாயின் நீளம். உங்கள் உயரத்துக்கு 20.75 அல்லது 21 அங்குலம் சரியாக இருக்கும். டர்ட்டுக்கு நான் 21 பக்கம்தான் சாய்வேன். ஸ்ட்ரீட் சைக்கிள்களில் பின்பக்கத்தைக் குட்டையாக வைத்திருப்பார்கள், சுழற்றித் திருப்ப வசதியாக. வேகமாக வந்து மேடேறும்போது அதே குட்டை, சைக்கிளைத் துறுதுறுவென்று ஆட வைக்கும். பின் அச்சிலிருந்து க்ராங்க் சுழலும் அச்சுவரை 13.5 அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள். ஹெட் டியூப் (ஹேண்டில்பாரையும் ஃபோர்க்கையும் இணைக்கும் முன் குழாய்) கோணம் 74, 74.5 டிகிரி என்றால் காற்றில் நிதானமாக இருக்கும். ஸ்ட்ரீட்டில் 75, அதற்கு மேலும் வரும். ஸ்ட்ரீட் மாடல்தான் கிடைத்தது என்றால், செயினில் ஒரு கண்ணி கூட்டிச் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளி மாட்டலாம். அந்தக் கொஞ்ச நீளமே வித்தியாசம் காட்டும்.

கியரில் மண்டையை உடைக்க வேண்டாம், முன்னால் 25 பல், பின்னால் 9 பல் போதும். டயர் 2.3 அங்குலம் சுமாருக்கு, லேசான பட்டனோடு. ஃப்ரீகோஸ்டர் ஹப் (பின்னோக்கி உருளும்போது பெடலைச் சுற்றாத பின்சக்கர ஹப்) வேண்டாம், மிதித்ததும் பிடிக்கிற சாதாரண கேசட் ஹப் நல்லது. பின் பிரேக் கட்டாயம் வேண்டும். இரண்டு மேடுகளுக்கு நடுவே வேகம் அதிகமாகிவிட்டால் வேறு வழி கிடையாது. பிரேக் இல்லாமல் விற்கும் சைக்கிளில், பிரேக் மாட்டும் இடமாவது ஃப்ரேமில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பழையது வாங்கினால், ஹெட் டியூபும் கீழ்க் குழாயும் சேரும் வெல்டிங்கை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்டில் முடி போல ஒரு கோடு தெரிந்தாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், அந்த சைக்கிள் வேண்டாம்.