மழலையர் வகுப்பு ஆசிரியை ஆக விரும்பும் மகளின் தந்தைக்கு

ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பிளஸ் 2 தேர்வில் 71 சதவீதம் எடுத்திருக்கிறாள். நர்ஸிங் வேண்டாம், பி.காம். வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராகப் போகிறேன் என்று நிற்கிறாள். “பால்வாடி டீச்சர் ஆக்கவா இவ்வளவு படிக்க வைத்தாய்?” என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். அ, ஆ சொல்லிக்கொடுக்க இரண்டு வருடப் படிப்பு எதற்கு என்று நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். சம்பளம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது, அதற்கு வருகிறேன். ஆனால் இந்த ‘அ, ஆ’ கேள்வியைத் தாண்டி என்னால் மேலே போக முடியவில்லை.

மூன்று வயதுக் குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், பெரியவர்களுக்கு அங்கே இருக்கும் எட்டுச் சிறு எலும்புகளில் இரண்டோ மூன்றோதான் தெரியும். மற்றவை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து, இரட்டைக்கோடு நோட்டில் ஒரு பக்கம் ‘அ’ எழுதி வா என்கிறோம். வீட்டுப்பாடம் நிறையக் கொடுக்கும் பள்ளிதான் நல்ல பள்ளி என்று பெற்றோரும் நம்புகிறார்கள். முறையாகப் பயின்ற ஆசிரியை அந்தக் கைக்கு வேறு வேலை தருவார். புளியங்கொட்டை பொறுக்கச் சொல்வார், மணி கோர்க்கச் சொல்வார், களிமண் பிசையவும் மணலில் விரலால் கோடு இழுக்கவும் விடுவார். எழுத்துக்கு வரும்போதும், சுழித்து வளையும் ‘அ’வுக்கு முன்னால் நேர்கோட்டில் நிற்கும் ‘ட’வையும் ‘ப’வையும் ஏன் எடுக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். “என் பிள்ளை இன்னும் எழுதவே ஆரம்பிக்கவில்லையே” என்று வாசலில் வந்து நிற்கும் தாய்க்கு அதைப் பொறுமையாக விளக்கவும் தெரியும்.

ஜூன் மாதம் ஏதாவது ஒரு மழலையர் பள்ளி வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். அழும் குழந்தையைப் பிடுங்கி உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறார்கள். அழுது ஓய்ந்ததும் ‘பழகிவிட்டான்’ என்கிறார்கள். அம்மா திரும்பி வருவாள் என்பது அந்த வயதில் நாலு நாள் அனுபவத்தில்தான் நம்பிக்கையாகிறது. அதனால் முதல் வாரம் தாயை வகுப்பிலேயே உட்காரவைத்து, அடுத்து திண்ணையில், பிறகு வாசலுக்கு வெளியே என்று மெல்ல விலக்கும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். இதற்குத்தான் பயிற்சி. உங்கள் மகள் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், அதில் உண்மையான குழந்தைகளோடு எத்தனை நாள் இருக்கப்போகிறாள், அப்போது பக்கத்திலிருந்து யார் திருத்துவார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

‘பால்வாடி’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். அங்கன்வாடி மையங்களை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதற்கு வழிவகுத்த 1972ஆம் ஆண்டு அறிக்கையைத் தந்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர் மீனா சுவாமிநாதன். அவர் வாழ்நாள் முழுவதும் பள்ளிக்கு முந்தைய குழந்தைகளுக்காகவே உழைத்தார். உறவுக்காரர்கள் கேலியாகச் சொல்லும் வேலையின் பின்னால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது.

இனி வேலைக் கணக்கு. இதில் நான் எதையும் மறைக்கப்போவதில்லை.

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரசியலமைப்பின் 45ஆவது பிரிவு இருக்கிறது, ஆனால் அது அரசு ‘முயல வேண்டும்’ என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு இருக்கும் சட்டப் பிடிமானம் எல்.கே.ஜி. ஆசிரியருக்கு இல்லாமல் போனதற்கு இது முக்கியக் காரணம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். அந்தக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்த அனுப்பப்பட்டவர்கள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்காகப் பயிற்சி பெற்ற இடைநிலை ஆசிரியர்கள். பிறகு அவர்களைத் தொடக்கப் பள்ளிகளுக்குத் திருப்பிக்கொண்டு, தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை வைத்தார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கென்றே படித்தவருக்கு நிரந்தரப் பணியிடம் அங்கே உருவாகவில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

அங்கன்வாடிப் பணிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். 2025இல் வந்த அறிவிப்புகளின்படி பணியாளருக்குப் பிளஸ் 2 தேர்ச்சி போதும். முதல் ஓராண்டு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், அதன்பின் 7,700 – 24,200 என்ற சிறப்புக் காலமுறை ஊதியம். ஆனால் வயது 25 முதல் 35 வரை இருக்கவேண்டும். உங்கள் மகளுக்கு 18. அந்தக் கதவு இன்னும் ஏழு ஆண்டுகளுக்குத் திறக்காது. இதை நம்பிக்கொண்டு அவளை வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

படிப்புகளில், ஆசிரியர் பயிற்சிக்கு விதி வகுத்து அங்கீகாரம் தரும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுத்திருப்பது இரண்டாண்டு மழலையர் கல்விப் பட்டயம். பிளஸ் 2வில் 50 சதவீதம் வேண்டும். இதே இரண்டாண்டில் தொடக்கக் கல்விப் பட்டயமும் இருக்கிறது, ஊரில் இன்னும் டீச்சர் டிரெய்னிங் என்றே சொல்வார்கள். அரசுப் பள்ளி என்ற ஆசை உங்களுக்கு உண்மையாகவே இருந்தால் அவள் படிக்கவேண்டியது இந்த இரண்டாவது பட்டயம். அதோடு ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளையும் எழுதவேண்டும். ஆனால் அந்தப் படிப்பு அவளை ஒன்றாம் வகுப்பு வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்தும். அவள் விரும்புவது அதற்கும் முந்தைய வகுப்பை. இந்த வித்தியாசத்தை அவளிடமே பேசிவிடுங்கள்.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் குழந்தைப் பருவப் பராமரிப்பு, கல்வியில் குறைந்தது ஓராண்டுப் பட்டயம் ஒன்றைத் தொலைநிலையில் தருகிறது. பிளஸ் 2 போதும், கட்டணமும் நடுத்தரக் குடும்பத்துக்குத் தாங்கும். குழந்தை வளர்ச்சியைப் புரிந்துகொள்ள நல்ல அடித்தளம் அது. தனியாக அதை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தேடச் சொல்லமாட்டேன்.

மான்டிசோரி பயிற்சி விளம்பரம் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அதற்கு வருகிறேன். குழந்தை தன் கையாலேயே செய்து பார்த்துக் கற்கும் முறையை உருவாக்கிய மரியா மான்டிசோரி 1939இல் சென்னைக்கே வந்தவர். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் வந்ததால் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். அவர் 1929இல் தொடங்கிய சர்வதேச மான்டிசோரி சங்கத்தின் பட்டயத்துக்கு வெளிநாடுகளிலும் மதிப்பு உண்டு. ஆனால் ‘மான்டிசோரி’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அதனால்தான் மாடிப்படி ஏறி ஒரே அறையில் இயங்கும் இடங்களும் அந்தப் பெயரில் சான்றிதழ் கொடுக்கின்றன. சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு பெண், அம்மாவின் தோட்டை அடகுவைத்து ஆறு மாதப் படிப்பு ஒன்றை முடித்திருந்தாள். அந்த ஆறு மாதத்தில் அவள் ஒரு குழந்தையோடுகூட வேலை செய்யவில்லை. வண்ண அட்டைகள் வெட்டி ஒட்டிய கோப்பு ஒன்றை மட்டும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்தக் கோப்பை அவள் என் மேஜைமேல் வைத்தபோது என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் நேரில் போங்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அந்த நிறுவனத்தார் வாயால் கேட்பதோடு நிற்காமல், குழுமத்தின் இணையதளத்தில் பட்டியலைப் பாருங்கள். அங்கீகாரம் தேவைப்படாத தனியார் சான்றிதழ் என்றால், அதை வைத்து எந்தப் பள்ளியில் யார் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டு, அந்தப் பெண்ணிடமே பேசுங்கள். பயிற்சி வகுப்பு எங்கே நடக்கும், அந்தப் பள்ளியைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் யோசனை இதுதான். மகள் பட்டப்படிப்பை விடவேண்டாம். மனையியல் கல்லூரிகளில் குழந்தை வளர்ச்சி பற்றிய பட்டப்படிப்பு இருக்கிறது, கோவை அவினாசிலிங்கம் அதில் நெடுநாள் பெயர் பெற்றது. கிடைக்காவிட்டால் உளவியல், தமிழ், ஆங்கிலம் எதுவானாலும் சரி. பட்டத்தின்மேல் ஒரு முறையான மழலையர் பயிற்சி சேர்ந்தால், பெரிய தனியார் பள்ளிகளில் இடம் கிடைக்கும், சில ஆண்டுகளில் மழலையர் பிரிவின் பொறுப்பாளராகவும் வரலாம். பிளஸ் 2வோடும் ஒரு குறுகிய சான்றிதழோடும் சிறு நர்சரிப் பள்ளிக்குப் போனால் ஐந்திலக்கச் சம்பளத்தைத் தொடவே வருடங்கள் ஆகும். இதைத்தான் நீங்கள் பயந்தீர்கள், அந்தப் பயம் சரிதான்.

இன்னொரு வழியும் உண்டு, பெற்றோர் யாரும் இதைக் கேட்பதில்லை. வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்கான சிறப்புக் கல்வி. இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த பட்டயங்கள் இதற்கு உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனமே இருக்கிறது. வளர்ச்சிக் குறையைச் சிறு வயதிலேயே கண்டறிந்து உதவும் ஆரம்பநிலைத் தலையீட்டு மையங்களுக்குப் பயிற்சி பெற்றவர்கள் தேவைப்படுகிறார்கள். பொறுமை நிறைய வேண்டும், ஆனால் உங்கள் மகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவளிடம் அது இருக்கிறது என்றே தோன்றுகிறது. பக்கத்து வீட்டுப் பேச்சு வராத குழந்தை அவளிடம் மட்டும் ஒட்டிக்கொள்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதை நான் தாண்டிப் போகவில்லை.

கல்லூரி விண்ணப்பம் போடுங்கள். அதற்கிடையில் உங்கள் தெரு அங்கன்வாடியிலோ பக்கத்து நர்சரியிலோ அனுமதி கேட்டு, அவளைப் பத்து நாள் காலை முதல் மதியம் வரை உட்காரச் சொல்லுங்கள். உதவிக்குத்தான், பாடம் நடத்தவேண்டாம். மூக்கைத் துடைத்துவிட்டு, ஈர உடையை மாற்றிவிட்டு, ஒரே கதையை ஒன்பதாவது முறை சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு வரட்டும். பத்தாவது நாள் மாலை என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள். எந்தப் படிப்பு என்பதை அதன்பின் மூவரும் சேர்ந்து முடிவு செய்வோம்.