ராத்திரி போனுக்கு யார் பதில் சொல்வது?

கிராம சுகாதார செவிலியர், தங்கச்சிமடம்: வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி, கர்ப்பிணிகள் நள்ளிரவிலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எடுக்காமல் இருக்க மனசு வரவில்லை.

உதிரப்போக்கு, பனிக்குடம் உடைதல், வலிப்பு, கண் மங்கலோடு கடும் தலைவலி, குழந்தை அசைவு குறைதல்: இதில் எது வந்தாலும் முதல் போன் 108-க்குப் போகவேண்டும். உங்களைக் கூப்பிட்டு, நீங்கள் போய்ப் பார்த்து, பிறகு வண்டியைக் கூப்பிட்டால் அந்த நேரம் தாய்க்குத்தான் நஷ்டம். ஸ்கேன் தேதி, இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுப்பாகப் போவது எல்லாம் காலையில் பேசலாம். இதைக் கர்ப்பம் பதியும் அன்றே, மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். திருப்பிச் சொல்லவும் வையுங்கள். அவசரமில்லாத விஷயம் என்றால், "காலைல எட்டு மணிக்கு நானே கூப்பிடுறேம்மா" என்பது போதும். ஆனால் எட்டு மணிக்குக் கட்டாயம் கூப்பிடுங்கள். பலருக்கும் இந்த ஏற்பாடு குலைவது அங்கேதான்: காலையில் போன் வராவிட்டால் மறுநாள் ராத்திரி மறுபடி மணி அடிக்கும்.

ஆலோசகர், பாம்பன்: சிறைபிடிக்கப்பட்ட மீனவர்களின் குடும்பங்களோடு பேசுகிறேன். கேட்டதெல்லாம் கனவில் வருகிறது. வீட்டில் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன்.

கடுமையான சந்திப்புகளை அடுத்தடுத்து இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். நடுவில் பத்து நிமிடம் எழுந்து நடங்கள். குறிப்பை அங்கேயே எழுதி மூடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். வாட்ஸப்பில் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். "சீக்கிரம் விட்டுருவாங்க" என்று வாக்குக் கொடுப்பதும் வேண்டாம். உங்கள் கையில் இல்லாத விடுதலைக்கு நீங்கள் பொறுப்பாளி ஆகிவிடுவீர்கள். கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒரு மாதம் தாண்டினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன்பே பேசவேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை.

சமூகப் பணியாளர், ஏர்வாடி: சிகிச்சைக்கு வந்தவரின் குடும்பம் ஆயிரம் ரூபாய் கைமாற்றுக் கேட்கிறது.

கொடுக்காதீர்கள். கடன் வாங்கியவர் அடுத்த முறை உங்களைக் கண்டால் ஒதுங்குவார். மாத்திரையை நிறுத்தியதைக்கூடச் சொல்லமாட்டார். பணத்துக்குப் பதிலாக, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள்.

ஆம்புலன்ஸ் பணியாளர், தொண்டி: நைட் டூட்டி முடிந்து வந்தால் தூக்கமே இல்லை. ராத்திரியில் ஐந்து டீ.

காலை எட்டுக்குப் படுப்பவருக்குக் கடைசி டீ இரண்டு மணிக்கு முன்னால். வண்டி சும்மா நிற்கும்போது மாறி மாறி இருபது நிமிடம் கண்ணயருங்கள். அதற்கு மேல் போனால் எழும்போது தலை கனக்கும். திரும்பும் வழியில், பின்னால் உட்கார்ந்து வருபவராக இருந்தால், கூலிங் கிளாஸ் போடலாம். கடற்கரை வெயில் கண்ணில் பட்டால் உடம்பு விடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.