முதல் ராத்திரி தூங்கிவிட்டால் பாதிச் செலவு மிச்சம்

தேசியப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்குவது பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். பெரும்பாலும் பதின்ம வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் வீடுகளிலிருந்து.

எங்கள் 15 வயது மகனையும் சேர்த்து நாங்கள் மூன்று பேர். ஜூன் விடுமுறையில் ஒரு தேசியப் பூங்காவில் முகாம் போட ஆசை. பட்ஜெட் 400 டாலர், அதற்கு மேல் ஒரு சென்ட் கிடையாது. மகன் யோசெமிட்டிதான் என்று அடம்பிடிக்கிறான். எங்களிடம் கூடாரம்கூட இல்லை. இது நடக்கிற காரியமா?
- வாசகர், அட்லாண்டா

கலிபோர்னியாவில் இருக்கும் யோசெமிட்டி நடக்காது. மூன்று விமான டிக்கெட்டிலேயே உங்கள் பணம் காலி. ஆனால் உங்கள் வீட்டிலிருந்து சுமார் 200 மைலில் கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸ் தேசியப் பூங்கா (சுருக்கமாக ஸ்மோக்கி) இருக்கிறது, அங்கே நுழைவுக் கட்டணமே கிடையாது. 1951-ல் டென்னசி மாநிலம் பூங்காவின் நடுவே போகும் நெடுஞ்சாலையை மத்திய அரசிடம் ஒப்படைத்தபோது, அந்தச் சாலையில் சுங்கம் எதுவும் வாங்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தப் புண்ணியத்தை இன்றைக்கும் நாம் அனுபவிக்கிறோம்.

பதிலுக்கு 2023 முதல் பார்க்கிங் அட்டை வந்திருக்கிறது. 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் அட்டை வேண்டும்: ஒரு நாளைக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, வருடத்துக்கு 40. ஒரு வண்டிக்கு ஓர் அட்டை, மாற்றிப் போட முடியாது. 80 டாலர் கொடுத்து எல்லாப் பூங்காக்களுக்குமான வருடப் பாஸ் வைத்திருப்பவர்கள் அதைக் காட்டி இங்கே தப்பிக்க முடியாது, இந்த அட்டையைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். முகாம் இடம் ஒரு ராத்திரிக்கு 30 டாலர், மூன்று ராத்திரிக்கு 90. வார அட்டை 15. போகவர, உள்ளே சுற்ற என்று 520 மைல். காலனுக்கு 26 மைல் ஓடும் வண்டி என்றால் 20 காலன் பெட்ரோல், காலன் 3 டாலர் என்று வைத்தால் 60. மூன்று கட்டு விறகுக்கு 30, இரண்டு சிறிய புரோபேன் சிலிண்டருக்கு 12, மளிகைக்கு 80. ஆக 287. மீதி 113 டாலரை எங்கே போடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கூடாரத்தில் போடாதீர்கள். அது இரவல் கிடைக்கிற பொருள். உங்கள் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் கராஜில் தூங்கும் கூடாரம் நாலாவது வெளியே வரும். 'நாலு பேர் கூடாரம்' என்றால் நாலு பேர் தோளோடு தோள் இடித்துப் படுக்கும் அளவு, பைக்கு இடமில்லை. ஸ்மோக்கியில் ஓர் இடத்தில் ஆறு பேர், இரண்டு கூடாரம் வரை அனுமதி. ஆகவே உங்கள் இருவருக்கும் ஒரு நாலு பேர் கூடாரம், மகனுக்குத் தனியாக ஒரு இரண்டு பேர் கூடாரம். யோசெமிட்டி கைவிட்டுப் போனதற்கு இதைவிட நல்ல பேரம் கிடையாது. கட்டணமும் ஏறாது.

பணத்தை முதுகுக்குக் கீழே போடுங்கள். முகாமுக்குப் போகிறவர்களுக்குச் செலவு எங்கே எகிறுகிறது தெரியுமா? முதல் ராத்திரி குளிரில் தூங்காமல் கிடந்து, மறுநாள் பூங்கா வாசலில் இருக்கும் கேட்லின்பர்க் ஊரில் ஹோட்டல் அறை எடுக்கும்போதுதான். வீட்டில் விருந்தாளிக்குப் போடும் காற்று மெத்தைதான் பெரும்பாலும் காரணம். உள்ளே இருக்கும் காற்று தரையின் குளிரை வாங்கிச் சுழன்றுகொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் கீழிருந்து குளிர் ஏறும். ஜூனில் பள்ளத்தாக்கில் இரவு 60 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி இறங்கும், விடியற்காலையில் அது உறைக்கும். 15 முதல் 25 டாலருக்கு மடிக்கிற ஃபோம் பாய் கிடைக்கும், தலைக்கு ஒன்று வாங்குங்கள். காற்று மெத்தைதான் இருக்கிறது என்றால் அதற்கு மேலே ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். மேலே, கீழே அல்ல. ஸ்லீப்பிங் பேக் வாங்க வேண்டாம், ஜூனுக்கு வீட்டு ரஜாய் போதும்.

நாள் விஷயத்தில் ஒரு யோசனை. ஞாயிறு போய்ப் புதன் திரும்புங்கள். இடம் கிடைப்பது சுலபம். கேட்ஸ் கோவ் முகாமை எடுத்தால், அங்கிருக்கும் 11 மைல் வட்டச் சாலையில் கோடைக்காலப் புதன்கிழமைகளில் கார் விடுவதில்லை, சைக்கிளும் நடையும் மட்டும். எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பது வருடத்துக்கு வருடம் மாறும், பூங்கா இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள் முகாமுக்குப் பக்கத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். வீட்டிலிருந்து கொண்டுபோனால் அதுவும் மிச்சம். சாலை மேடும் பள்ளமுமாக இருக்கும், பிரேக்கைப் பார்த்து எடுத்துப் போங்கள்.

நேரே போய் இடம் பிடிக்க முடியாதா? முன்பதிவு பார்த்தால் எல்லா நாளும் நிறைந்திருக்கிறது.
- வாசகர், சார்லட்

முடியாது. ஸ்மோக்கியில் எல்லா முகாமுக்கும் முன்கூட்டியே மத்திய அரசின் ரெக்ரியேஷன்.கவ் (recreation.gov) தளத்தில் பதிந்தாக வேண்டும். வாசலில் நின்று போனில் பதியலாம் என்று போனால் சிக்னல் இருக்காது. ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு திறந்துவிடும், வெள்ளி, சனி ராத்திரிகள் அப்போதே போய்விடும். ஆனால் ரத்தாகும் இடங்கள் வந்துகொண்டே இருக்கும். தளத்திலேயே இடம் காலியானால் தகவல் அனுப்பும் வசதி இருக்கிறது, காசு கிடையாது. நீங்கள் ரத்து செய்தால் 10 டாலர் பிடிப்பார்கள். போகும் நாளோ முந்தின நாளோ ரத்து செய்தால் கூடவே ஒரு ராத்திரி வாடகையும் போகும்.

இடம் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் வரைபடமும் பெரும்பாலும் படமும் இருக்கும். கழிவறையிலிருந்து நடக்கிற தூரம், ஆனால் அதன் விளக்கு கூடாரத்தில் விழாத இடம். சுற்றிலும் உள்ள தரையைவிடக் கொஞ்சம் மேடான இடம். இந்த இரண்டையும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 14 வயது. பூங்காவில் குளியலறை இல்லை என்கிறார்கள். மாதவிலக்கு நாளில் போனால் கரடி வாசனை பிடித்து வரும் என்று மாமியார் பயமுறுத்துகிறார். பயணத்தைத் தள்ளிப்போடவா?
- வாசகி, ராலே

தள்ளிப்போட வேண்டாம். மாதவிலக்கு வாசனைக்குக் கருங்கரடி வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. இதை வைத்தே ஆய்வு செய்தும் பார்த்திருக்கிறார்கள், கரடிகள் சட்டை செய்யவில்லை. ஸ்மோக்கியில் இருப்பது கருங்கரடி மட்டுமே. பயன்படுத்திய நாப்கினைக் காகிதத்தில் சுற்றி, ஜிப் பையில் போட்டு, அதை இன்னொரு பைக்குள் வைத்துக் கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டியில் போடச் சொல்லுங்கள். கழிவறைக்குள் போட்டால் அடைக்கும். விறகு அடுப்பில் போட்டால் எரியாமல் கருகிக் கிடக்கும்.

முகாமில் தண்ணீர் விடும் கழிவறையும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரும் உண்டு, ஷவர் கிடையாது. கறுப்பு நிற நீர்ப்பையில் ஐந்து காலன் பிடித்துக் காலையிலேயே வெயிலில் வைத்தால் மாலைக்குள் வெதுவெதுப்பாகும். இருவர் மேலுக்கு ஊற்றிக்கொள்ளலாம், தலைக்குப் போதாது. அழுக்குத் தண்ணீரைத் தரையில் விடக் கூடாது, கழிவுநீர்த் தொட்டி எங்கே என்று கேட்டு அங்கே கொட்டுங்கள். தலைக்குக் குளித்தே ஆக வேண்டும் என்றால் பூங்காவுக்கு வெளியே தனியார் முகாம்களில் சில இடங்களில் காசு கொடுத்துக் குளிக்கலாம்.

நாங்கள் சைவம். மூன்று நாளும் ரொட்டி, ஜாம் என்று ஓட்ட முடியாது. என்ன சமைப்பது, கரடிக்கு என்ன செய்வது?
- வாசகி, நாஷ்வில்

முதல் நாள் மாலை சமைக்காதீர்கள். கூடாரம் போட்டு முடிக்கும்போது இருட்டிவிடும், எல்லோருக்கும் பசியில் கோபம் வரும். வீட்டிலிருந்தே சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் கட்டிக்கொண்டு போங்கள். மற்ற நாள்களுக்கு வறுத்து, தாளித்து, ஆறவைத்து ஜிப் பையில் போட்ட ரவை. ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு கொதி தண்ணீர் ஊற்றினால் பத்து நிமிடத்தில் உப்புமா. புளிக்காய்ச்சல் இருந்தால் சோறு மட்டும் வடித்தால் போதும். மூன்று லிட்டர் குக்கரைத் தாராளமாக எடுத்துப் போங்கள், சிலிண்டர் மிச்சமாகும். ஒரு பவுண்டு புரோபேன் ஓர் அடுப்பில் முழுத் தீயில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான் வரும். இட்லி மாவு மட்டும் வேண்டாம். ஜூன் வெயிலில் காரின் பின்பக்கத்தில் பொங்கி வழிந்தால் அந்த வாசனை அடுத்த தீபாவளி வரை போகாது.

ஐஸ் பெட்டிக்குக் கடை ஐஸ் வாங்குவதைவிட, இரண்டு லிட்டர் பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் முன்பே ஃப்ரீசரில் வையுங்கள். கட்டியாக உறைந்தது மெதுவாகத்தான் உருகும், உருகியதும் குடிநீர். தயிரும் பாலும் அடியில், அடிக்கடி எடுக்கும் பழம் மேலே.

பூங்காவில் ஏறக்குறைய 1,900 கரடிகள் இருக்கின்றன. அவற்றுக்கு உணவு என்றால் சாப்பாடு மட்டும் இல்லை. பற்பசை, சோப்பு, கழுவாத குக்கர், காலி ஐஸ் பெட்டி, முக்கியமாகத் தேங்காய் எண்ணெய் பாட்டில், எல்லாம் கணக்கில் சேரும். கையில் எடுத்து வேலை செய்யும் நேரம் போக அத்தனையும் கண்ணாடி ஏற்றிப் பூட்டிய காருக்குள். பதின்ம வயதுப் பிள்ளைகளின் கூடாரத்தில் சிப்ஸ் பாக்கெட் கட்டாயம் இருக்கும். படுக்கப் போகும் முன் ஒருமுறை கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள். கரடியைக் கண்டால் 50 கெஜத்துக்குள் போவது சட்டப்படி குற்றம், படம் எடுப்பதற்கும் இது பொருந்தும்.

வீட்டுக் கொல்லையில் வெட்டிய விறகைக் கொண்டுபோகக் கூடாது. மரத்தைக் கொல்லும் பூச்சிகள் அதில் ஒட்டிக்கொண்டு வருவதால் 2015 முதல் தடை. வெப்பமூட்டியதற்கான முத்திரை உள்ள கட்டு வாங்குங்கள், அல்லது பூங்காவிலேயே கீழே விழுந்து காய்ந்து கிடப்பதைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

போன முறை மழையே இல்லை, ஆனாலும் காலையில் கூடாரத்துக்குள் எல்லாம் நனைந்திருந்தது. கூடாரம் ஓட்டையா?
- வாசகர், நாக்ஸ்வில்

ஓட்டை இல்லை, உங்கள் மூச்சுதான். குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளை மூடியிருப்பீர்கள். மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகி இறங்கும். மேல் துளையைத் திறந்து வையுங்கள். கூடாரத்துக்கு மேல் போடும் மழைத்துணி உள்கூடாரத்தை ஒட்டாமல் கயிறு இழுத்துக் கட்டுங்கள்.

மழையில் நனைவதற்குக் காரணம் பெரும்பாலும் அடியில் விரிக்கும் தார்ப்பாய். அது கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலிருந்து வழியும் தண்ணீரைப் பிடித்து நேரே அடியில் சேர்க்கும். நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் உள்ளே மடியுங்கள். ஸ்மோக்கியில் கோடையில் பிற்பகல் இடி மழை சகஜம். அதனால் மலையேற்றத்தைக் காலையில் வைத்துக்கொண்டு இரண்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், ஒருமுறை நனைந்தால் ஊர் திரும்பும் வரை காயாது. 6,643 அடி உயரக் குவோஹி சிகரத்துக்குப் போனால் கீழே வியர்த்தாலும் மேலே ஜாக்கெட் கேட்கும்.

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டா?
- வாசகி, கொலம்பியா

ஸ்மோக்கியில் இல்லை. 2026 ஜனவரி முதல் யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காதவர்கள் 16 வயது முதல் தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் ஸ்மோக்கி கிடையாது. பெரியவர்களுக்குத் தரையில் படுக்கச் சிரமமாக இருக்கும், இரண்டு மடக்குக் கட்டில் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு அடியிலும் காற்று ஓடும், அதன் மேலேயும் ஒரு ஃபோம் பாய் வேண்டும்.

பையன் முதுகுப்பை மாட்டிக் காட்டுக்குள்ளே தங்க வேண்டும் என்கிறான். முதல் பயணத்திலேயே போகலாமா?
- வாசகர், பர்மிங்ஹாம்

முதலில் காரோடு போகும் முகாமில் இரண்டு ராத்திரி. காட்டுக்குள் தங்க ஆளுக்கு ராத்திரிக்கு 8 டாலர் கட்டி அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும், உணவுப் பையைக் கம்பி வடத்தில் உயரத் தொங்கவிட வேண்டும், தண்ணீரைக் காய்ச்சியோ வடிகட்டியோ குடிக்க வேண்டும். வீட்டிலேயே பையில் 20 பவுண்டு ஏற்றி ஐந்து மைல் நடக்கச் சொல்லுங்கள். மறுநாளும் அதே உற்சாகம் இருந்தால் அக்டோபர் வரை காத்திருக்காமல் செப்டம்பரில் போங்கள். அக்டோபரில் இலை நிறம் பார்க்க வரும் கூட்டத்தில் வண்டி நிறுத்தவே அரை நாள் போய்விடும்.