ரெக்கார்டு நோட்டை மறந்தால் மறக்கட்டும், வண்டிச் சாவியை மட்டும் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். சாப்பாட்டுப் பை, ரெக்கார்டு நோட்டு, ஐடி கார்டு என்று தினமும் ஏதாவது ஒன்றை மறந்துவிட்டுப் போகிறான். பள்ளியிலிருந்து போன் வந்ததும் வேலையைப் போட்டுவிட்டு அஸ்தம்பட்டிக்கு ஓடுகிறேன். “விடு, பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்” என்கிறார் என் கணவர். டியூஷனுக்குப் போக வீட்டு ஸ்கூட்டரை அவனிடம் கொடுப்பதும் அவர்தான். கேட்டால், “விழுந்து எழுந்தாத்தானே வரும்” என்கிறார். என் மாமியார் ஏதாவது ஹாஸ்டலில் சேர்த்துவிடச் சொல்கிறார். அப்படியே விட்டுவிட்டால் பையன் கெட்டுப்போவானோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
ஒரு தாய், அம்மாப்பேட்டை, சேலம்.

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. சாப்பாட்டுப் பை விஷயத்தில் நீங்கள் அவர் பேச்சைக் கேளுங்கள். ஸ்கூட்டர் விஷயத்தில் அவர் உங்கள் பேச்சைக் கேட்கட்டும். இதை வீட்டில் படித்துக் காட்டினால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் கோபம் வரும். பரவாயில்லை.

என்னிடம் ஆலோசனைக்கு வரும் சேலத்துப் பெற்றோரில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். பிள்ளைக்கு ஒரு வேளை சோறு தவறினால் பதறுவார்கள். அதே பிள்ளை சாவியைக் கேட்டால், “பையன் வளர்ந்துட்டான்” என்று சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். பிள்ளைகள் தவறு செய்துதான் கற்க வேண்டும், சரி. ஆனால் எந்தத் தவறைச் செய்ய விடலாம் என்று பார்ப்பது பெற்றோரின் வேலை. அதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். இதனால் வரும் நஷ்டம் ஒரு வாரத்தில் ஆறிப்போகுமா? அது வேறு யார் தலையிலும் விழாமல் அவனுக்கே வருமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

சாப்பாட்டுப் பை இதில் தாராளமாகத் தேறும். உடம்புக்கு வேறு தொந்தரவு இல்லாத 14 வயதுப் பையன் ஒரு மத்தியானம் சரியாகச் சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகாது. உண்மையில் அவன் பட்டினியும் கிடக்கப்போவதில்லை. நாலு டிபன் பாக்ஸிலிருந்து நாலு வாய் வாங்கிச் சாப்பிட்டிருப்பான்.

ரெக்கார்டு நோட்டுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. மாநிலப் பாடத்திட்டம் என்றால், அடுத்த வருடம் பத்தாம் வகுப்பில் அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. அப்போது நோட்டைத் தொலைத்தால் உண்மையாகவே மதிப்பெண் போகும். இந்த வருடம் போவது ஒரு திட்டு, ஒரு நாள் வெட்கம். மறதிக்கு விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், விலை குறைவாக இருக்கும்போதே கொடுத்துவிடட்டும்.

ஆனால் நாளைக் காலையிலேயே திடீரென்று போனை எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். இத்தனை வருடம் ஓடிவந்த அம்மா ஒரு நாள் வராவிட்டால் பையன் அதைப் பாடமாகப் பார்க்க மாட்டான், பழிவாங்குகிறாள் என்றுதான் நினைப்பான். முதலில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை, சண்டை எதுவும் இல்லாத நேரம் பார்த்து, “திங்கள்கிழமையிலிருந்து நீ மறந்ததை நான் கொண்டுவர மாட்டேன். ராத்திரியே பையை எடுத்து வைக்க உதவி வேணும்னா கேளு, பண்றேன்” என்று சொன்னால் போதும். அதற்கு மேல் பிரசங்கம் வேண்டாம்.

முதல் இரண்டு, மூன்று வாரம் மறதி கூடினாலும் கூடும். அம்மா சொன்னது நிஜமா என்று பார்ப்பான். அந்த நேரத்தில் உங்கள் மாமியார் மனசு கேட்காமல் டிபன் பாக்ஸோடு ஆட்டோ பிடித்தால் எல்லாம் பாழ். அதனால் அவரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். உங்கள் கணவர் பேசினால் இன்னும் நல்லது. அவருடைய அம்மாதானே.

இனி கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். பையன் பசியோடும் கோபத்தோடும் வீட்டுக்கு வருவான். உங்கள் நாக்கு நுனியில் “நான் அப்பவே சொன்னேன்ல?” என்பது நிற்கும். அதை விழுங்கிவிடுங்கள். அதைச் சொன்ன கணத்தில் அவன் கவனம் மறந்துபோன நோட்டை விட்டு உங்கள் வாய்க்குத் தாவிவிடும். காலையில் அவன்மேல் அவனுக்கே இருந்த கோபம், சாயங்காலம் உங்கள்மேல் கோபமாக மாறிவிடும். சோறு போடுங்கள், “ரொம்பப் பசிச்சுதா?” என்று கேளுங்கள், அத்தோடு விடுங்கள்.

“நோட்டை மறந்தே இல்ல, இந்த வாரம் கிரிக்கெட் கிடையாது” என்பதும் வேண்டாம். நோட்டுக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்? ருடால்ஃப் டிரைக்கர்ஸ் என்ற மனநல மருத்துவர் போன நூற்றாண்டிலேயே இதைப் பிரித்துச் சொன்னார். தவறிலிருந்து தானாக வரும் விளைவு ஒன்று. தவறோடு தொடர்புடையதாகப் பெரியவர்கள் வைக்கும் விளைவு இன்னொன்று. இரண்டிலும் சேராத மீதியெல்லாம் வெறும் தண்டனை. தண்டனையில் பிள்ளை கற்றுக்கொள்வது, அடுத்த தடவை மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்பதைத்தான்.

வாரப் பணம் கொடுக்கிற வீடு என்றால் அங்கேயும் இதே முறைதான். செவ்வாய்க்கிழமையே தட்டுவடை செட்டுக்குத் தீர்ந்துபோனால் ஞாயிறு வரை கை காலி. முன்பணம் கிடையாது. ஆனால் உங்கள் போனின் யுபிஐ பின் அவனுக்குத் தெரியுமென்றால் இன்றைக்கே மாற்றுங்கள். அங்கே கரைவது உங்கள் பணம், அவனுக்கு அதில் நஷ்டம் இல்லை.

சின்ன வயதிலிருந்தே எல்லா இடத்திலும் மறதி, ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை என்றால் அது வேறு கதை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை.

இத்தனைக்கும் பள்ளி ஒத்துழைக்குமா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பையனின் வீட்டுப்பாடம் ராத்திரி எட்டு மணிக்கு அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு வருகிறது. அவன் எதையாவது மறந்தால் அம்மாவுக்குப் போன். டைரியில் பெற்றோர் கையெழுத்து இல்லையென்றால் பையனை நிற்க வைக்கிறார்கள். கையெழுத்துப் போட மறந்தது யார்? படிப்பது யார் என்றே பள்ளிகளுக்குக் குழப்பம் வந்துவிட்டது போல. வருடம் முழுக்க அம்மாவை வேலை வாங்கிவிட்டு, பெற்றோர் கூட்டத்தில் “உங்க பையனுக்குப் பொறுப்பே இல்லை” என்று சொல்ல மட்டும் கூசுவதில்லை.

இருந்தாலும் வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். முடிந்தால் எழுதியே கொடுங்கள்: “இனி அவன் மறந்தால் எனக்குப் போன் வேண்டாம். அவனிடமே கேளுங்கள். மதிப்பெண் குறைக்கலாம், மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதச் சொல்லலாம். வெயிலில் நிறுத்துவது, அடிப்பது, வகுப்பு நடுவே அவமானப்படுத்துவது கூடாது.” இந்தக் கடைசி வரியை எழுதத் தயங்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு, உடல் தண்டனையையும் மனதை வதைப்பதையும் தடை செய்கிறது. மீறி நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. பிள்ளை பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்கு, வாத்தியார் பிரம்பால் படட்டும் என்று பொருள் இல்லை.

அடுத்தது, உங்கள் பயத்தைக் காசாக்குகிறவர்கள். பள்ளிக்குப் பக்கத்துக் கடைகளில் “ப்ராஜெக்ட் செய்து தரப்படும்” என்று பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தெர்மோகோல் எரிமலை, சூரியக் குடும்பம், ரெக்கார்டு எழுதிக் கொடுப்பது வரை எல்லாம் கிடைக்கும். பையன் கடைசி நாள் ராத்திரி “அம்மா, நாளைக்கு ப்ராஜெக்ட்” என்று வந்து நிற்கும்போது அந்தக் கடைக்கு நீங்கள் போகாதீர்கள். அவன் கோணல்மாணலாக ஒன்றை ஒட்டி எடுத்துக்கொண்டு போகட்டும். கடை எரிமலைக்கு முழு மதிப்பெண் போடும் ஆசிரியர்களைப் பற்றி நான் என்ன சொல்ல? அவர்களுக்கும் அது கடை எரிமலை என்று நன்றாகத் தெரியும்.

மே மாதம் வந்தால் “இரண்டே நாளில் பொறுப்பு, தன்னம்பிக்கை, ஒழுக்கம்” என்று ஏற்காட்டில் முகாம் போடுகிறோம் என்பார்கள். கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழத்தைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூளையைத் தட்டி எழுப்புகிறோம், கண்ணைக் கட்டிக்கொண்டு படிப்பான் என்று பணம் கேட்பவர்கள் இன்னும் ஒரு படி மேல். மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்ப்பதுதான் அதில் இருக்கும் வித்தை. பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கிவிட்டு அதற்குச் சான்றிதழும் கொடுப்பார்கள்.

உங்கள் மாமியார் சொன்ன ஹாஸ்டல் விஷயத்துக்கு வருகிறேன். ஏற்காட்டில் நூறு வருடம் கடந்த விடுதிப் பள்ளிகள் உண்டு. விடுதிப் பள்ளியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மறதியைக் குணப்படுத்த விடுதி மருந்து ஆகாது. அங்கே மணி அடித்தால் எழுவான், மணி அடித்தால் சாப்பிடுவான். மணி அடிக்காத இடத்துக்குப் போனதும் பழையபடி ஆகிவிடுவான். அதோடு, “சீட் நான் வாங்கித் தர்றேன்” என்று வரும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்புங்கள். கட்டணத்துக்கு மேல் சீட்டுக்கென்று தனியாக வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992லேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. அந்தச் சட்டம் எங்கே தூங்குகிறது என்று அரசைத்தான் கேட்க வேண்டும்.

இனி ஸ்கூட்டர். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். உங்கள் கணவர் பொறுமையாகப் படிக்கட்டும்.

நான் முதலில் சொன்ன இரண்டு கேள்விகளை இங்கே போட்டுப் பாருங்கள். நஷ்டம் ஒரு வாரத்தில் ஆறுமா? ஆறாமல் போகலாம். அவனுக்கு மட்டும் வருமா? ரோட்டில் குறுக்கே வரும் பெரியவருக்கும் வரலாம். இங்கே “விழுந்து எழுந்து” கற்க முடியாது, எழுவான் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாதே. இன்றைக்கு டியூஷனுக்கு எடுப்பவன் இன்னும் சில மாதத்தில் நண்பர்களோடு ஏற்காடு ரோட்டில் ஏறுவான். 20 கொண்டை ஊசி வளைவுகள், எதிரே பஸ், பின்னால் இன்னொரு பையன்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றத்தில் மாட்டினால், பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளி. மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது, எல்எல்ஆர் கூடக் கிடையாது. எங்களுக்குத் தெரியாமல் எடுத்துவிட்டான் என்றால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆர்சி புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் ஸ்கூட்டர் அம்மா பெயரில்தான் இருக்கும். சாவி கொடுப்பது அப்பா, கோர்ட்டில் நிற்பது அம்மா. லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டி யாருக்காவது அடிபட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் திருப்பி வசூலிக்கவும் முடியும்.

“16 வயசு ஆனதும் எல்எல்ஆர் போட்டுத் தர்றேன்” என்று புரோக்கர் சொல்வார். 16 வயதில் உரிமம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். இன்று ஷோரூமில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் 50 சிசியைத் தாண்டியவை. அந்த எல்எல்ஆரை வைத்துக்கொண்டு வீட்டு ஸ்கூட்டரை ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம். புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார். சொன்னால் அவருக்குக் கமிஷன் ஏது?

“அப்ப பேட்டரி வண்டி வாங்கலாமா? அதுக்கு லைசென்ஸ் வேண்டாமாமே?” இது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி. மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும், மோட்டார் 250 வாட்டுக்குள் இருக்கும் சின்ன வண்டிகளுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. சில கடைகளில் வண்டியை விற்கும்போதே, “ஸ்பீடு லாக்கை எடுத்துவிடவா?” என்று காதில் கேட்பார்கள். எடுத்த நிமிடமே சலுகை போய்விட்டது, பதிவும் லைசென்ஸும் இல்லாத மோட்டார் வண்டியை உங்கள் பையன் ஓட்டிக்கொண்டிருக்கிறான். ரோட்டில் அதை நிறுத்திக் கேட்க ஆளில்லை. விபத்துக்குப் பிறகுதான் எல்லாரும் கேட்பார்கள்.

டியூஷன் எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. ஐந்து ரோடு பக்கம் என்றால் டவுன் பஸ், அம்மாப்பேட்டைக்குள்ளேயே என்றால் சைக்கிள். பஸ்ஸைத் தவறவிட்டுத் தாமதமாகப் போனால் டியூஷன் சாருக்கு அவனே பதில் சொல்வான், நீங்கள் போன் செய்து சமாதானம் சொல்ல வேண்டாம். சைக்கிளை ஒரு நாள் பூட்ட மறந்து தொலைப்பான், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் அடுத்ததற்கு அவன் வாரப் பணத்திலிருந்து பாதி என்று முன்பே பேசிவிடுங்கள். அதனால் கியர் வைத்த புது சைக்கிள் இப்போதைக்கு வேண்டாம், பழையதாக ஒன்று பாருங்கள்.