‘வீட்டுக்குப் போகணும்’ என்று மாமனார் தினமும் கிளம்புகிறார், என்ன செய்வது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் மாமனாருக்கு வயது 76. சென்ற ஆண்டு அல்சைமர் என்று கண்டறிந்தார்கள். இரண்டு மாதங்களாக, மாலை 5.30 மணியானால் மஞ்சப்பையில் துண்டையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, “வீட்டுக்குப் போகணும், அம்மா காத்துக்கிட்டிருப்பா” என்று கிளம்பிவிடுகிறார். அவருடைய அம்மா காலமாகி 30 ஆண்டுகள் ஆகின்றன. அதைச் சொன்னால், அன்றுதான் கேள்விப்பட்டவர் போல அழுகிறார். இருமுறை தெருமுனை வரை போய்விட்டார். கதவைப் பூட்டிவிடலாம் என்கிறார் கணவர். தூக்க மாத்திரை கொடுங்கள் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் கன்னடம் மட்டுமே தெரியும். பெரியவரிடம் பொய் சொல்லவும் மனம் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: அம்மா காலமான செய்தியை இனி அவரிடம் சொல்லாதீர்கள். அல்சைமர் நோய் பெரும்பாலும் புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியைத்தான் முதலில் தாக்குகிறது. அதனால் நேற்று நீங்கள் சொன்னது அவரிடம் தங்கவில்லை, அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய வீடும் அம்மாவும் தங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு மாலையும் அவர் அம்மாவைப் புதிதாக இழக்கிறார். சொன்ன சொல் மறந்துபோனாலும் அது தந்த துக்கம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான திரைப்படக் காட்சிகளைக் காட்டினார்கள். பார்த்தது என்னவென்று அவர்களால் சரியாகச் சொல்ல முடியாத நிலையிலும் அந்தச் சோகம் அவர்களிடம் நீடித்தது. உங்கள் மாமனார் இரவு உணவைத் தள்ளிவிடுகிறார் என்றால், காரணம் அந்தச் சாயங்காலத்து அழுகையாகவும் இருக்கலாம்.

அதற்காக “அம்மா நாளைக்கு வருவாங்க” என்று சொல்ல வேண்டியதில்லை. பொய்யும் சொல்லாமல், திருத்தவும் செய்யாமல், அவர் இருக்கும் இடத்திற்கு நீங்கள் போக முடியும். “அம்மா நினைப்பு வந்துடுச்சா மாமா? அவங்க சமையல்ல உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும்?” என்று கேளுங்கள். கேழ்வரகுக் களியும் கீரைக் கடையலும் என்று அவர் தொடங்கினால், அடுத்த பத்து நிமிடம் உங்கள் கூடத்திலேயே அவர் தம் வீட்டில் இருப்பார். அப்படியும் எழுந்து நின்றால் வாசலை மறிக்காதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு, “வாங்க, நானும் வர்றேன்” என்று கூடவே ஒரு சுற்று நடந்து திரும்புங்கள். பையை மட்டும் பிடுங்க வேண்டாம். அவர் கையில் மிச்சமிருக்கும் உடைமை அது ஒன்றுதான் என்று அவர் நினைக்கக்கூடும்.

மாலையில் இது கூடுவதற்குக் காரணங்கள் உண்டு. உடல் களைத்திருக்கும், வெளிச்சம் மங்கும், நிழல்கள் நீளும், எல்லோரும் வேலை முடிந்து வீடு திரும்பும் அரவம் கேட்கும். பல ஆண்டுகள் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பிய உடம்புக்கு அந்த நேரம் கிளம்பும் நேரம்தான். ஆகவே 5 மணிக்கே எல்லா விளக்குகளையும் போட்டுத் திரைச்சீலைகளை இழுத்துவிடுங்கள். காபியை நண்பகலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பகல் தூக்கம் அரை மணி நேரம் போதும். 5.15-க்கு அவர் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: பூண்டு உரிப்பது, துணி மடிப்பது, முருங்கைக்கீரை ஆய்வது. சரியாகச் செய்கிறாரா என்று பார்க்காதீர்கள்.

இரண்டு மாதங்களாகத்தான் இப்படி என்று எழுதியிருப்பதால், முதலில் மருத்துவரிடம் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடல்வலி, தைராய்டு, பி12 குறைவு, புதிதாகச் சேர்த்த மாத்திரை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவை எதுவும் குழப்பத்தைக் கூட்டும். பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும். அண்டை வீட்டார் சொல்லும் தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே கூடாது. அது குழப்பத்தை அதிகரித்து, இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழச் செய்துவிடும். மனநோய்க்கான சில மருந்துகள் டிமென்ஷியா எனும் மறதிநோய் உள்ள முதியவர்களிடம் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்தது. வேறு வழியில்லாதபோது அவற்றை மருத்துவரே குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குத் தருவார்.

கதவைப் பொறுத்தவரை, அவர் கண்ணில் எளிதில் படாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடலாம். ஆனால் அவரைத் தனியே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே போவதை நான் ஏற்க மாட்டேன், தீப்பிடித்தால் அவருக்கு வழியில்லை. சட்டைப் பையில் பெயரும் உங்கள் கைபேசி எண்ணும் எழுதிய அட்டை இருக்கட்டும். அதைக் கன்னடத்திலும் எழுதுங்கள், தெருவில் அவரைக் கண்டு நிறுத்துகிறவர் தமிழ் படிக்கத் தெரிந்தவராக இருப்பார் என்பது நிச்சயமில்லை. தெருமுனைக் கடைக்காரரிடமும் ஆட்டோ நிறுத்தத்திலும் வெட்கப்படாமல் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். காணவில்லை என்றால், கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று காத்திராமல் உடனே 112-ஐ அழையுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய மொழி விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் தடுமாறுவதை டிமென்ஷியா உள்ளவர்களிடம் காண்கிறோம். தொழிற்சாலையில் சரளமாகக் கன்னடம் பேசியவர் இன்று அதைக் கேட்டு விழிக்கலாம், அந்தப் பெண் “ஊட்டா மாடி” (சாப்பிடுங்கள்) என்பது அவருக்கு எட்டாமலே போகலாம். நாள் முழுவதும் பேச்சுப் புரியாத இடத்தில் இருப்பவர் மாலையில் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதில் வியப்பில்லை. தண்ணி, சாப்பிடலாம், வலிக்குதா, பாத்ரூம் போகலாமா, உட்காருங்க என்று பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்களைக் கன்னட எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையில் இதற்கான சிறப்பு மருத்துவர்கள் இருக்கிறார்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. உங்கள் மனம் சோர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். வாரத்தில் இரண்டு மாலைகளாவது 5 முதல் 7 மணி வரை மாமாவைக் கணவர் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும்; அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இருக்காதீர்கள்.